மழைக்குப் பிறகு வீட்டில் பூசணம்: தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது முதல் வெள்ளையடிப்பது வரை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வெயிலை நினைத்துத்தான் கட்டுவார்கள். சன்ஷேடு சின்னதாக இருக்கும், மாடித் தளத்துக்குச் சரிவு பேருக்குத்தான் இருக்கும், ஹாலோ பிளாக் சுவரின் வெளிப்பக்கம் பல வீடுகளில் பூசாமலே நிற்கும். இப்படிப்பட்ட சுவர் ஒரு பெருமழையில் குடிக்கும் தண்ணீர் வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். மழை நின்ற மூன்றாம் நாளே பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளி தெரியத் தொடங்கும்.

பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். துணியால் துடைத்துவிட்டு, பொங்கலுக்கு முன் ஒரு கோட் பெயிண்ட் அடிப்பது. மாசியில் அது குமிழ் விடும், சித்திரையில் உரியும், அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே புள்ளி வரும். பூசணத்துக்குச் சுவரிலுள்ள தூசி, பெயிண்டிலுள்ள பசை, மரத்தூள் என எதுவும் சாப்பாடுதான். அதற்கு இல்லாமல் போகக்கூடியது ஈரம் மட்டும். அதனால் வேலையின் வரிசை இப்படி: தண்ணீர் வரும் வழியை அடைப்பது, காய வைப்பது, பூசணத்தைத் தேய்த்து எடுப்பது, சுவர் முழுக்கக் காய்ந்ததும் பூச்சும் பெயிண்டும். இதில் எதை முன்பின்னாக மாற்றினாலும் பணம் வீண்.

முதலில், அது பூசணமா உப்பா?

சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூத்திருப்பதைப் பூசணம் என்று நினைத்து மருந்து தெளிப்பவர்கள் நிறையப் பேர். அது பெரும்பாலும் உப்பு. செங்கல், மணல், போர்வெல் தண்ணீர் ஆகியவற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு சுவரின் மேற்பரப்புக்கு வந்து, தண்ணீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தால் நறநறவென்று பொடியும். தண்ணீர் தெளித்தால் கரைந்து மறையும், காய்ந்ததும் மறுபடி பூக்கும். பூசணம் என்றால் தேய்க்கும்போது இழுபடும், கறை ஒட்டும், வாடை இருக்கும்.

கருமையாக இருப்பது அழுக்கா பூசணமா என்று சந்தேகம் வந்தால், ப்ளீச்சிங் கரைசலை ஒரு சொட்டு வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். நிறம் வெளுத்தால் பூசணம். அப்படியே இருந்தால் புகைக்கரி அல்லது அழுக்கு.

கறுப்பாக இருப்பதால் அது 2021-இல் கொரோனா நோயாளிகளுக்கு வந்த 'கறுப்புப் பூஞ்சை' என்று பயப்பட வேண்டாம். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை வகை வேறு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தவர்களைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. சுவரிலுள்ளது கறுப்பா, பச்சையா, வெள்ளையா என்பதை வைத்து அதன் தீமையை அளக்க முடியாது. எந்த நிறமானாலும் ஆஸ்துமா, தும்மல், கண் அரிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, எந்த நிறமானாலும் எடுக்க வேண்டியதுதான்.

தண்ணீர் எந்த வழியில் வருகிறது?

இந்த வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கறை இருக்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

சீலிங்கில் பழுப்பு வளையம் வளையமாகக் கறை இருந்தால் மேலிருந்து வருகிறது. மாடிக்குப் போய் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் வெளியேறும் பைப்பின் வாய். புளிய இலையும் வேப்பிலையும் பாலிதீன் பையும் அடைத்து, மாடி முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அடைப்பை எடுத்துவிட்டு, வாயில் ஒரு ஜாலி மாட்டுங்கள். அடுத்து, தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலை. வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது முதலில் வாய் விடுவது இந்த மூலைதான். நகம் நுழையும் அளவு விரிசல் இருந்தாலே போதும், தண்ணீர் இறங்கிவிடும். கைப்பிடிச்சுவரின் மேல்முகத்தையும் பார்க்க வேண்டும். அது உள்பக்கமாக, அதாவது மாடியை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சரிந்திருந்தால் மழைநீர் முழுதும் வெளிச்சுவரில் வழிந்து கொண்டே இருக்கும்.

எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிடிபடாவிட்டால், வெயில் வந்தபின் மாடியின் பைப் வாயைத் துணியால் அடைத்து ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கான்கிரீட் தளத்துக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸில் இதைச் செய்யக் கூடாது. சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை ஏறும், ஏற்கெனவே ஊறி இளகிய மரம் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் கறை, சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்துக்கு நேர் உள்பக்கம் வரும் கறை, இவை வெளிச்சுவர் வழியாக வருபவை. சன்ஷேடின் மேல் மண் சேர்ந்து செடி முளைத்திருந்தால் விடை கையில் கிடைத்துவிட்டது. ஹாலோ பிளாக் சுவரில் கல்லுக்குக் கல் சேரும் கோடு அப்படியே உள்ளே கறையாகத் தெரியும். வெளியே பூசாததுதான் காரணம்.

தரையிலிருந்து மூன்று நான்கடி உயரம் வரை ஒரே மட்டமாகக் கறை ஏறி, மேல் விளிம்பில் உப்புக் கோடு தெரிந்தால் அது ஓதம். அடியிலிருந்து ஈரத்தைச் சுவர் உறிஞ்சி ஏற்றுகிறது. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு போடாமல் கட்டிய வீடுகளில் இது சகஜம். ஆனால் பேஸ்மட்டம் ஒழுங்காகக் கட்டிய வீட்டிலும் இப்போது ஓதம் ஏறுகிறது, ஏனென்றால் தெருவை உயர்த்திக் கொண்டே போகிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. நம் கையில் உள்ளது இவ்வளவு: சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் மண்ணை, வீட்டுத் தரை மட்டத்துக்குக் குறைந்தது ஆறங்குலம் கீழே இருக்கும்படி வெட்டி எடுப்பது, சுவரைச் சுற்றி இரண்டு முதல் மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரியும்படி சிமெண்ட் தளம் போட்டு, அதன் ஓரத்தில் ஒரு வாய்க்கால் விடுவது. சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் செடியைத் தள்ளி வைத்தாலே பாதி ஓதம் குறையும்.

மழைக்கே சம்பந்தமில்லாமல் பைப் கசிவாகவும் இருக்கலாம். பாத்ரூமுக்குப் பின்சுவரில் மட்டும் ஈரம் என்றால், இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கரியால் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கொத்தனாரை விட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

கடைசி வகை, வெளியிலிருந்து எதுவும் வராமல் அறையின் காற்றிலுள்ள ஈரமே சுவரில் படிவது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது அதிகம். கார்த்திகை, மார்கழி இரவில் வெளிச்சுவர் சில்லிட்டுப் போகும். உள்ளே சமையல் ஆவி, குளியலறை ஆவி, கொடி கட்டிக் காயப்போட்ட துணி என எல்லா ஈரமும் அந்தச் சுவரில் நீர்த்துளியாகப் படியும். வடக்குச் சுவர், அறை மூலை, பீரோவின் பின்பக்கம், கட்டிலின் தலைமாடு ஆகிய இடங்களில் சின்னச் சின்னப் புள்ளியாகச் சிதறி வரும் பூசணம் இந்த வகை.

சுவருக்குள்ளிருந்து வரும் ஈரமா, காற்றிலிருந்து படியும் ஈரமா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. கனமான பாலிதீன் ஷீட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டிச் சுவரில் பதியுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. ஷீட்டின் வெளிமுகம் நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் அறைக் காற்றுதான் காரணம்; இதற்குச் சுவரை உடைக்க வேண்டியதே இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, பீரோவை நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் போதும். இந்த ஷீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் அடிக்கும் முன் மறுபடி தேவைப்படும்.

கை வைக்கும் முன்

ஈரச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை. வெள்ளம் உள்ளே புகுந்து பிளக் பாயிண்ட் வரை தண்ணீர் ஏறியிருந்தால், எலக்ட்ரீசியன் போர்டைத் திறந்து பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடவே கூடாது. சுவரைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்றாலும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

நிவாரணத்துக்கோ இன்சூரன்ஸுக்கோ கேட்கும் எண்ணம் இருந்தால், துடைப்பதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஏறிய கோடு படத்தில் தெரிய வேண்டும்.

தேவையானவை: என்95 மாஸ்க், முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணை மூடும் காப்புக் கண்ணாடி, விசைத் தெளிப்பான் ஒன்று, நைலான் தேய்ப்பு பிரஷ், பழைய துணி, பிளாஸ்டிக் வாளி இரண்டு. துணி மாஸ்க்கும் துண்டும் பூசணத் தூளைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், குழந்தைகள் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. வேலை முடிந்து அன்று இரவும் வேறு அறையில் படுப்பது நல்லது. பூசணம் மூன்றுக்கு மூன்றடி அளவு வரை இருந்தால் நீங்களே செய்யலாம். ஒரு சுவர் முழுக்கவோ சீலிங் முழுக்கவோ பரவியிருந்தால் ஆள் வைத்துப் பூச்சையே கொத்தி எடுப்பதுதான் சரி.

காய வைப்பதில் நேரம் முக்கியம்

'ஜன்னலைத் திறந்து வை, காற்று வரட்டும்' என்பது பாதிதான் சரி. மழை விட்ட நாட்களில் நம் பக்கம் காலையில் மூடுபனி, மாலையில் மறுபடி பனி. ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளியே உள்ள ஈரம் உள்ளே வரும். வெயில் ஏறி, பனி விலகிய பிறகு, சுமார் 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கெல்லாம் மூடிவிடுங்கள். தூறல் இருக்கும் நாளில் திறக்கவே வேண்டாம்.

சீலிங் ஃபேன் காற்றை அறைக்குள்ளேயே சுற்றும். அதோடு ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ப்புறக் கதவையோ ஜன்னலையோ திறந்து விட்டால் ஈரக் காற்று வெளியே தள்ளப்படும். ஃபேனை நேரே பூசணச் சுவரை நோக்கி மட்டும் வைக்காதீர்கள், தூள் வீடு முழுக்கப் பறக்கும். பூசணத்தைத் தேய்த்து எடுத்த பிறகு வைக்கலாம். ஏசி இருந்தால் 'டிரை' என்ற நிலையில் சில மணி நேரம் ஓட விடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தால் கண்ணால் பார்த்து நடக்கலாம்: அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பூசணம் வளருவது மட்டுப்படும், 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வந்தே தீரும்.

கரி அடுப்பு, சாம்பிராணிச் சட்டி வைத்து அறையைச் சூடேற்றுவது சிலர் வழக்கம். மூடிய அறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து. சாம்பிராணி வாடையை மறைக்கும், பூசணத்தை ஒன்றும் செய்யாது.

தேய்த்து எடுப்பது

காய்ந்த பூசணத்தை ஒருபோதும் உலர்ந்த பிரஷால் தேய்க்கக் கூடாது. துடைப்பத்தால் கூட்டவும் கூடாது. ஒரு தட்டு தட்டினாலே கண்ணுக்குத் தெரியாத வித்து லட்சக்கணக்கில் பறந்து அடுத்த அறையில் இறங்கும். முதலில் தெளிப்பானில் தண்ணீரோடு கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து, பனித்தூறல் போலச் சுவர் நனையத் தெளியுங்கள். வழிந்தோட விட வேண்டாம். நனைந்தபின் துணியால் ஒரே பக்கமாகத் துடைத்து, அந்தத் துணியைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். துணியை அதே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் பூசணத்தைச் சுவர் முழுக்கப் பூசிவிடுவது போல் ஆகும். அதற்குத்தான் இரண்டாவது வாளி.

மருந்து அதற்குப் பிறகு. டைல்ஸ், சிங்க், பிளாஸ்டிக், கண்ணாடி, நல்ல எனாமல் பெயிண்ட் அடித்த பரப்பு ஆகியவற்றுக்கு ப்ளீச்சிங் கரைசல் நன்றாக வேலை செய்யும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர், அதாவது ஒரு பெரிய கரண்டி. பிளாஸ்டிக் வாளியில் கலக்கி அரை மணி நேரம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் எடுங்கள். பவுடர் கட்டி தட்டி, மூக்கில் ஏறும் நெடி இல்லாமல் இருந்தால் அதில் சத்து போய்விட்டது, புதிது வாங்க வேண்டும். திரவமாக விற்கும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. பூசி 10 முதல் 15 நிமிடம் விட்டு, தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

சிமெண்ட் பூச்சில் இதே கரைசலை அடித்தால் ஒரே நாளில் வெள்ளையாகிவிடும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் குளோரின் மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடுகிறது, அதிலுள்ள தண்ணீர் மட்டும் பூச்சுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் வேருக்குத் தீனி போடுகிறது. அதனால் சிமெண்ட் சுவருக்கு ப்ளீச்சிங்கை நம்பி இருக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் வெங்காரம் (போராக்ஸ்) கரைத்துப் பூசி, கழுவாமல் அப்படியே காய விடுங்கள். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அதன் படிவு சுவரில் தங்கி மறுபடி முளைப்பதைத் தடுக்கும். மர அலமாரி, கதவு நிலை, பிளைவுட் ஆகியவற்றுக்கும் இதுவே ஏற்றது. குழந்தை வாயில் வைக்கும் உயரத்தில் பூசாதீர்கள், மீதியைச் சமையல் சோடா டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

வினிகர் பற்றி வாட்ஸ்அப்பில் நிறைய வரும். 5 சதவீத வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தெளித்து ஒரு மணி நேரம் விட்டுத் துடைத்தால் ஃபிரிட்ஜ் ரப்பர், மரப் பலகை போன்றவற்றில் ஓரளவு வேலை செய்யும். மார்பிள், மொசைக், சுண்ணாம்புச் சுவரில் ஆகாது, அமிலம் அரித்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ப்ளீச்சிங்கோடு பாத்ரூம் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் கலக்கக் கூடாது, ஒன்றைப் பூசிய இடத்தில் கழுவாமல் அடுத்ததைப் பூசவும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், சிறிய பாத்ரூமில் அது மூச்சை அடைத்துவிடும். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவமும் அப்படியே.

சிமெண்ட் ஷீட் கூரையில் உள்பக்கம் பிடித்த கறுப்பை மட்டும் இரும்பு பிரஷால் சுரண்டாதீர்கள். பழைய ஷீட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ், தேய்த்தால் அதன் நார் நுரையீரலுக்குள் போகும். நனைத்து, மெதுவான துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

பூச்சும் பெயிண்டும்

முழுக்க ஊறிய செங்கல் சுவர் காய, ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் பழைய கணக்கு. நம் வெயிலுக்கு அவ்வளவு ஆகாமல் போகலாம், ஆனால் கார்த்திகையில் ஊறிய 9 அங்குலச் சுவர் தைப்பொங்கலுக்குள் காயாது என்பது நிச்சயம். எமல்ஷன் பெயிண்டும், அதற்கு அடியில் பூசும் பட்டியும் (புட்டி) சுவரின் மேல் ஒரு தோல் போல மூடிக்கொள்ளும். உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழி இல்லாமல் அந்தத் தோலைத் தள்ளும். குமிழ் விடுவது அதனால்தான். பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. 'பூசணம் பிடிக்காத பெயிண்ட்' என்று டப்பாவில் போட்டிருந்தாலும் கதை மாறாது, அது வெளியே முளைப்பதைத் தடுக்குமே தவிர உள்ளே உள்ள தண்ணீரை ஒன்றும் செய்யாது.

பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு காரத்தன்மை மிக்கது, அதில் பூசணம் லேசில் முளைக்காது. சுவர் மூச்சு விடவும் வழி இருக்கும். ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்புக் கல்லுக்கு சுமார் 5 லிட்டர் தண்ணீர். கல்லைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கொதித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் உடனே 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, டாக்டரிடம் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க ஊறியதும் துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பசையும் வெளுப்புக்கு நீலமும் சேர்க்கலாம். மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஒரே முறையில் தடிப்பாக அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாக விழும். பழைய எமல்ஷனின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது, சுரண்டி எடுத்த சுவருக்குத்தான் இந்த யோசனை.

எமல்ஷன்தான் வேண்டும் என்றால் பங்குனி வரை பொறுங்கள். அடிப்பதற்கு முன் அந்தப் பாலிதீன் ஷீட் சோதனையை மறுபடி செய்து, உள்ளே ஈரம் இல்லை என்று பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடலாம். விரல் மடக்கித் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும் பூச்சை எல்லாம் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள்; கறையின் ஓரத்தோடு நிறுத்தாமல் ஓரடி தள்ளி நல்ல பூச்சு வரும் வரை கொத்த வேண்டும். உப்பு பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷால் கூட்டி எடுக்க வேண்டும், கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பூசணம் பிடித்த சுவருக்கு நனைத்துத் துடைப்பது, உப்புச் சுவருக்கு உலர்வாகக் கூட்டுவது. இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் அதிகம்.

புதுப்பூச்சு சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு. தண்ணீர்த்தடுப்புத் திரவம் சேர்ப்பதானால் பொதுவாக 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி, டப்பாவில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்-சாண்டில், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலில், தூசு அதிகம் இருந்தால் பூச்சில் மயிரிழை விரிசல் விடும், பூச்சு வேலைக்கென்று சலித்து விற்கும் பி-சாண்ட் கேட்டு வாங்க வேண்டும். ஏழு நாள் தண்ணீர் அடிப்பதை வீட்டுக்காரரே நின்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குமேல் மூன்று நான்கு வாரம் உலர்ந்த பிறகுதான் பிரைமர்.

மாடித் தளத்து விரிசலுக்கு சிமெண்ட் பாலை ஊற்றி விடுவது ஒரு கோடையோடு போச்சு. விரிசலை அரை அங்குலம் ஆழத்துக்கு 'வி' போல வெட்டி, தூசியைப் போக்கி, நெகிழ்ந்து கொடுக்கும் ஃபில்லர் வைத்து அடைக்க வேண்டும். மேலே வாட்டர் புரூஃபிங் கோட் அடிக்கும் வேலையைக் கோடை மழைக்கு முன் முடித்துக்கொள்ளலாம்.

வீட்டுச் சாமான்கள்

பருத்தித் துணி எல்லாம் வெந்நீர், சோப்பு, வெயில், இவ்வளவுதான். பட்டுப்புடவையில் ப்ளீச்சிங், வினிகர் எதுவும் படக் கூடாது. வெளியே கொண்டு போய், மெல்லிய பிரஷால் தட்டி, நிழலில் காற்றாட விட்டு, கறை நின்றால் டிரை கிளீனிங் கடைக்குக் கொடுங்கள். ஜரிகை மேல் மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் பூக்கும், மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுவது அதற்காக.

வெள்ளத் தண்ணீரில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, ஃபோம் இவற்றைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மேல்புறம் காய்ந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும், சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் இன்னும் மோசம். தேக்கு, வேம்பில் செய்த கட்டில் பிழைத்துக்கொள்ளும், ஊதிப்போன பார்டிகிள் போர்டு பிழைக்காது.

பத்திரம், பட்டா, மார்க் ஷீட் நனைந்துவிட்டால் ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் அல்லது டிஷ்யூ வைத்து ஃபேன் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். செய்தித்தாள் வைத்தால் அச்சு மை ஏறிவிடும். உடனே உலர்த்த வழியில்லை என்றால் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூசணம் அப்படியே நிற்கும், நேரம் கிடைக்கும்போது எடுத்து உலர்த்தலாம். ஈரம் முழுக்கப் போகாமல் லேமினேட் செய்தால் உள்ளேயே பூசணம் பிடித்துப் பத்திரம் போய்விடும்.

தானியமும் தீவனமும்

வீட்டிலேயே ராகி, நிலக்கடலை, சோளம், புளி மூட்டை கட்டி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது முக்கியம். மூட்டையைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மரக்கட்டை மேல் அடுக்குங்கள். சிமெண்ட் தரையில் நேராக வைத்தால் கீழ் மூட்டை ஓதத்தை உறிஞ்சிவிடும், வெளியே தெரியாது.

ராகி தோல் கெட்டியானது, லேசான ஈரத்தில் நனைந்து அன்றே வெயிலில் உலர்த்தினால் தப்பிக்கும். பூசண வாடை வந்துவிட்டால் களிக்கு ஆகாது. புளியில் மேலே வெள்ளை படர்ந்திருந்தால் அதைக் கழுவி உப்புப் போட்டுக் காய வைத்துப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு, கூடாது. நிலக்கடலையும் மக்காச்சோளமும்தான் மிக ஆபத்து. அவற்றில் வளரும் பச்சை மஞ்சள் பூசணம் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை விடும், ஈரலைக் கெடுக்கும், நாள்பட்டால் ஈரல் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். வறுத்தாலும் அவித்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. பூத்த கொட்டையை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் செக்குக்குக் கொண்டு போவதும் தவறு, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கொட்டையிலும் அது இறங்கியிருக்கும்.

வீணாகப் போகிறதே என்று அதை மாட்டுக்கும் கோழிக்கும் போடுவது நடக்கிறது. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் சோளத்தையும் கறவை மாடு தின்றால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் வரும், பாலைக் காய்ச்சினாலும் போகாது. கோழிகள், வாத்துகள் செத்தே போகும். இப்படிக் கெட்டுப்போன மூட்டையைக் குப்பைமேட்டில் கொட்டினால் தெரு மாடு தின்னும். குழி வெட்டி, மேலே சுண்ணாம்பு தூவி மண் தள்ளி மூடுங்கள். மூட்டை கட்டிய சாக்கையும் அதோடு போட்டுவிட வேண்டும், அடுத்த அறுவடைக்கு அந்தச் சாக்கில் தானியம் கட்டக் கூடாது.